முன்பூட்டா, பின்பூட்டா?

மழைக்காலத்தில் செங்கல் சூளைப் பக்கமோ கல்குவாரிப் பக்கமோ போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். லோடு ஏற்றிய லாரி சேற்றில் இறங்கிவிட்டது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, பின்னால் இடப்பக்கச் சக்கரம் விர்ரென்று சுழன்று, தள்ள வந்தவர்களின் வேட்டியெல்லாம் சேற்றை வாரி இறைக்கிறது. வலப்பக்கச் சக்கரமோ கெட்டித் தரையில் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “சுத்துற சக்கரத்துக்குப் பிடிமானம் இல்ல. பிடிமானம் இருக்கிற சக்கரம் சுத்த மாட்டேங்குது. இது என்னங்க கூத்து?”

“சக்தி எப்பவும் சுலபமான வழியிலதான் போகும்” என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை நம்பி ஒரு ஜீப்புக்கோ பிக்கப்புக்கோ, இரு சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பூட்டு வாங்கப் போனால், முன் அச்சில் போடுவதா பின் அச்சில் போடுவதா என்ற முதல் கேள்விக்கே விடை தெரியாமல் நிற்போம். சேற்றில் நிற்கும் அந்த லாரியை இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

திருப்பத்தில் கூடுதலாக 2.4 மீட்டர்

வண்டி நேராகவே ஓடுமென்றால் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் கோத்துவிடலாம். திருப்பம் வந்தால்தான் சிக்கல். உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்தில் போகிறது, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது.

எவ்வளவு பெரிது? இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 1.5 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் 9.4 மீட்டர் அதிகமாக ஓடியிருக்கும். தெருமுனையில் ஒரு திருப்பம் என்றால் அதில் கால்பங்கு, ஏறத்தாழ 2.4 மீட்டர். வளைவு குறுகலா அகலமா என்பதால் இந்த எண் மாறுவதில்லை. சந்தில் ஒடித்துத் திரும்பினாலும் நெடுஞ்சாலை வளைவில் சாவகாசமாகத் திரும்பினாலும் அதே 2.4 மீட்டர்தான். ஜீப் டயரின் சுற்றளவும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆக ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிச்சக்கரம் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். தண்டு ஒன்றாக இருந்தால் அந்த ஒரு சுற்று ரப்பரைத் தார்ச்சாலையில் தேய்த்துத்தான் தீரும். டயர் தேயவில்லை என்றால் தண்டு முறுக்கிக்கொள்ளும்.

இதற்கான தீர்வைப் பிரான்ஸில் கடிகாரத் தொழில் தெரிந்த ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர் 1820களின் பிற்பகுதியில், நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்றுவைத்தார். அச்சின் நடுவில் உருண்டையாகப் புடைத்துத் தெரிகிறதே, அதற்குள் இருக்கும் டிஃபரன்ஷியல்தான் அது. எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி முதலில் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைத் திருப்புகிறது. கிரவுன் வீலோடு சேர்ந்து சுற்றும் கூட்டுக்குள் இரண்டோ நான்கோ குட்டிப் பல்சக்கரங்கள் உண்டு. அவற்றின் இருபுறமும் பல் கோத்து நிற்பவைதான் இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் போகும் தண்டுகள். நேராகப் போகையில் குட்டிகள் தம் அச்சில் சும்மா இருக்கும். திருப்பத்தில் அவை உருண்டு, ஒரு பக்கத்தில் குறையும் சுற்றை மறுபக்கத்தில் கூட்டிக் கொடுக்கும்.

ஒரு பக்கம் முழுவதும் நின்றுவிட்டால்? மறுபக்கம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். கியர்பாக்ஸிலிருந்து அளவெடுக்கும் ஸ்பீடாமீட்டர் 30 காட்டும்போது சேற்றில் சுழலும் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. அந்த நேரத்தில் அதிகம் அடிபடுவது உள்ளே உருளும் அந்தக் குட்டிகள்தான். சிக்கிய வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நுகத்தடி சொல்லும் கணக்கு

வேகத்தைப் பார்த்தாயிற்று, விசையை இன்னும் பார்க்கவில்லை. கூத்து அங்கேதான் இருக்கிறது.

ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நுகத்தடியின் இரு முனைகளிலும் மாடுகள், நடுவில் கயிற்றால் கட்டிய ஏர்க்கால். நடுக்கட்டு இளக்கமாக இருப்பதால் நுகம் இப்படியும் அப்படியும் திரும்ப முடியும். ஒரு மாடு தளர்ந்தால் என்ன ஆகிறது? மற்ற மாடு எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அதன் பலம் ஏருக்கு வந்து சேராது. அது முன்னே போகப் போக நுகம் கோணிக்கொண்டு போகுமே தவிர ஏர் நகராது. நடுவில் கட்டிய நுகம் இரண்டு முனையிலும் ஒரே அளவு விசையைத்தான் தாங்கும். டிஃபரன்ஷியலின் குட்டிப் பல்சக்கரமும் நடுவில் பிடித்த நுகம்தான்.

ஆகவே எஞ்சின் தன் விசை முழுவதையும் சுழலும் சக்கரத்துக்கு வாரிக் கொடுக்கவில்லை. இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் சரிபாதிதான் கொடுக்கிறது. சேற்றில் இருக்கும் சக்கரம் 50 கிலோ அளவுக்குத்தான் தரையைத் தள்ள முடியுமென்றால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 50 கிலோதான் போய்ச் சேரும். அதனிடம் 500 கிலோ தள்ளும் பிடிமானம் இருந்தும் பயனில்லை. “எஞ்சின்ல அவ்வளவு பவர் இருக்கே?” என்று கேட்கலாம். எதிர்த்துத் தாங்க ஏதாவது இருந்தால்தான் எஞ்சினால் தள்ள முடியும். காற்றில் தொங்கும் சக்கரம் எதைத் தாங்கும்?

நுகத்தை ஏர்க்காலோடு அசையாமல் இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு மாடே முழுப் பாரத்தையும் இழுக்கலாம். டிஃபரன்ஷியலுக்குள் அந்த இறுக்குக் கட்டைப் போடுவதுதான் டிஃப் லாக். இனி இதைப் பூட்டு என்றே சொல்கிறேன். பூட்டு போட்டதும் சரிபாதி விதி ரத்து. வேகம் மட்டும் இருபுறமும் ஒன்று. விசையை எந்தச் சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவு அது வாங்கிக்கொள்ளும்.

டிராக்டர்காரரின் குதிகால்

இதெல்லாம் மேல்தட்டு ஆஃப்ரோடு பொழுதுபோக்குக்காரர்களின் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர் டிராக்டரில் டிரைவரின் குதிகால் பக்கம் சின்னதாக ஒரு பெடல் இருக்கும். வயலில் ஒரு பின்சக்கரம் வழுக்கிச் சுழலும்போது ஆக்சிலேட்டரைக் குறைத்து அதை மிதிப்பார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து வெளியே ஏறிவிடும். வரப்பில் திரும்புவதற்கு முன் காலை எடுத்துவிடுவார்கள். பூட்டோடு திருப்பினால் டிராக்டர் திரும்பாது, நேராக வரப்பின் மேல் ஏறும்.

டிராக்டரில் இன்னொரு வசதியும் உண்டு. இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் பெடல். சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் கொஞ்சம் பிடித்தால் அது 50 கிலோவுக்குப் பதில் 250 கிலோ தாங்குவதுபோல் டிஃபரன்ஷியலுக்குத் தெரியும். சரிபாதி விதிப்படி எதிர்ப்பக்கமும் 250 வாங்கும். இன்றைய தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் கம்ப்யூட்டர் செய்வது இந்த வேலையைத்தான். வேலை நடக்கும், ஆனால் சக்கரம் கொஞ்சம் சுழன்ற பிறகுதான் பிரேக் விழித்துக்கொள்ளும். பிரேக்கில் போகும் விசை வெறும் சூடாகும், நீண்ட ஏற்றத்தில் பிரேக் காய்ந்து தளரும். செங்குத்துப் பாறையில் ‘சக்கரம் முதலில் சுழலட்டும்’ என்று காத்திருப்பது சங்கடமான விஷயம். பூட்டு காத்திருப்பதில்லை.

ஒரே ஏற்றம், நான்கு கணக்கு

இனி ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடை 2,000 கிலோ. நான்கு சக்கர இயக்கம் உண்டு. அதாவது நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் அச்சையும் பின் அச்சையும் நேரடியாகக் கோத்திருக்கிறது. சமதரையில் இரு அச்சுக்கும் எடை பாதிப் பாதி. ஈரமண்ணில் ஒரு டயர் தன்மேல் இருக்கும் பாரத்தில் பாதி அளவுக்குத் தள்ள முடியும் என்று வைப்போம். 15 டிகிரி ஏற்றம். வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் புவியீர்ப்பு 520 கிலோ. அதைவிட அதிகமாக நான்கு டயரும் சேர்ந்து தள்ளினால் வண்டி ஏறும், இல்லாவிட்டால் நிற்கும்.

ஏற்றத்தில் வண்டி பின்னால் சாய்வதால் பாரம் இடம் மாறுகிறது. சாதாரண ஜீப்பின் உயரத்துக்கும் நீளத்துக்கும் கணக்குப் போட்டால் பின் அச்சில் 1,120 கிலோவும் முன் அச்சில் 810 கிலோவும் விழும். இதோடு பாதையின் குறுக்கே கோணலாக ஒரு மழைநீர்ப் பள்ளம். முன்னால் இடச்சக்கரமும் பின்னால் வலச்சக்கரமும் பள்ளத்தில் தொங்குகின்றன. தொங்கும் சக்கரத்தில் அந்த அச்சின் பாரத்தில் பத்தில் ஒரு பங்குதான், மீதி எல்லாம் எதிர்ச்சக்கரத்தில்.

பூட்டே இல்லை என்றால் பின் அச்சில் தொங்கும் சக்கரம் தாங்குவது 56 கிலோ. எதிர்ச்சக்கரத்துக்கும் அதே 56. முன் அச்சில் இரண்டுக்கும் தலா 40. மொத்தம் 190 கிலோவைச் சுற்றித்தான் தேறும். தேவை 520. நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி என்று பெயர். அந்தப் பள்ளத்தில் குறுக்காக இரண்டு சக்கரம் வெறுமனே சுழல, இரண்டு சக்கரம் நின்று வேடிக்கை பார்க்கும்.

பின் அச்சை மட்டும் பூட்டினால் அந்த அச்சின் முழுப் பிடிமானமும், 560 கிலோ, கைக்கு வருகிறது. முன் அச்சின் 80ஐயும் சேர்த்தால் 640. வண்டி ஏறிவிடும்.

முன் அச்சை மட்டும் பூட்டினால்? முன்னால் 405, பின்னால் 112, கூட்டினால் 517. மூன்று கிலோ போதவில்லை. மண் டயரைப் பிடித்து இழுக்கும் தடையை நாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் பின்தங்கும். இரண்டையும் பூட்டினால் 965 கிலோ, தாராளம்.

இதே பள்ளத்தை 20 டிகிரி ஏற்றத்தில் வைத்துப் பாருங்கள். தேவை 685 ஆகிறது. பின்பூட்டு மட்டும் போட்டால் 645தான் கிடைக்கும், வண்டி நிற்கும். இரண்டு பூட்டும் சேர்ந்தால் 940. முன்பூட்டுக்குச் செலவு செய்தவர் காசுக்குப் பலனைக் காணத் தொடங்குவது 15க்கும் 20க்கும் நடுவிலுள்ள இந்த இடத்தில்தான். அதற்குக் கீழே உள்ள பாதைகளில் அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

கணக்கு தலைகீழாகும் இடங்களும் உண்டு. இறக்கத்தில் போய்ச் சிக்கி ரிவர்ஸில் ஏறி வர வேண்டுமென்றால் பாரம் முன் அச்சின் மேல் இருக்கும். அப்போது முன்பூட்டுதான் பெரிய உதவி. காலிப் பிக்கப் வண்டியும் அப்படித்தான். எஞ்சின் முன்னால், வெறும் தொட்டி பின்னால். சமதரைச் சேற்றில் அதன் பின்சக்கரங்களில் அழுத்தமே இருக்காது. அடிக்கடி காலியாகப் போகிற பிக்கப்புக்கு முன்பூட்டு வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதைச் சட்டென்று மறுத்துவிட முடியாது.

கம்பெனிக்காரர்கள் வைத்த வரிசை

வண்டி செய்பவர்களும் இதையேதான் நினைக்கிறார்கள் என்பது சுவிட்சுகளைப் பார்த்தால் தெரியும். டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வரிசையில் பூட்டுக்கான குமிழைத் திருப்பினால் முதலில் பின் அச்சு பூட்டும், இன்னும் திருப்பினால்தான் முன்னும் பின்னும். முன்னால் மட்டும் என்ற நிலையே அதில் இல்லை. மெர்சிடிஸ் ஜி-கிளாஸில் மூன்று பொத்தான்கள்: நடு, பின், முன் என்ற வரிசையில்தான் அழுத்த வேண்டும். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் பாறையே பாதையாகக் கிடக்கும் ரூபிகான் தடத்தின் பெயரை வைத்து 2003இல் வந்த ஜீப் ராங்ளர் ரூபிகான், இரு அச்சிலும் பூட்டோடு தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தது. இந்தியாவில் அந்த இரட்டைப் பூட்டைக் கையால் இழுக்கும் லீவராகத் தருவது ஃபோர்ஸ் கூர்க்கா. ஹைலக்ஸ் பிக்கப்பில் பின் அச்சுக்கு மட்டும்தான்.

முன்பூட்டைக் கடைசியில் வைப்பதற்குப் பாரம் மட்டும் காரணமல்ல. முன்சக்கரங்கள் திருப்பவும் வேண்டும். இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தால் அந்த 2.4 மீட்டர் வித்தியாசம் எங்கேயாவது தேய்ந்தாக வேண்டும். கைக்கு ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கும். வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். குறுகிய மலைப்பாதைத் திருப்பத்தில் அது அபாயம்.

உடைவதும் முன்னால்தான் அதிகம். பின் அச்சுத் தண்டு நேரானது. முன் அச்சுத் தண்டில், சக்கரம் திரும்புவதற்காக, ஒரு ஜாயின்ட் இருக்கும். ஸ்டியரிங் ஒடித்த நிலையில் அந்த ஜாயின்ட் கோணமாக மடிந்து பலம் குறைந்து நிற்கும். பூட்டு இல்லாத நாளில் ஒரு தண்டுக்குப் பாதி விசைதான் வரும் என்ற பாதுகாப்பு இருந்தது. பூட்டியபின் அச்சின் முழு விசையும் ஒரே தண்டின் மேல் விழலாம். மடிந்த ஜாயின்ட், பாறை இடுக்கில் மாட்டிய சக்கரம், மிதித்த ஆக்சிலேட்டர் மூன்றும் சேர்ந்தால் ‘படார்’ என்று ஒரு சத்தம் கேட்கும். முன்பூட்டு வாங்கும் பணத்தோடு தடித்த ஆக்சில் ஷாஃப்டுக்கும் சேர்த்துப் பணம் வையுங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

பக்கச் சரிவில் பூட்டு எதிரி

பூட்டு வாங்கியவர்களிடம் விற்பவர்கள் அதிகம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. மலையின் பக்கவாட்டில், ஒருபுறம் சரிந்த ஈரப்பாதையில் போகிறீர்கள். டயர் உருண்டுகொண்டிருக்கும் வரை பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். சுழல ஆரம்பித்ததும் அந்தப் பிடி போய்விடும். பூட்டு இல்லாத பின் அச்சில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது சுழலாமல் நின்று வண்டியின் பின்பகுதியைப் பிடித்துவைக்கும். நாம் முதலில் திட்டினோமே, அந்தச் சோம்பேறிச் சக்கரம்தான் இங்கே காவல். பூட்டிய அச்சில் இரண்டும் ஒன்றாகச் சுழலும், பின்பகுதி அப்படியே பள்ளத்தின் பக்கம் இறங்கும். சரிவில் பூட்டை எடுத்துவிட்டு, மெதுவாக, ஆக்சிலேட்டரைச் சீராக வைத்துப் போவதுதான் முறை.

அடிமட்டமே இல்லாத சேற்றிலும் பூட்டு அதிசயம் எதுவும் செய்யாது. நான்கு டயருக்கும் பிடிமானம் இல்லை என்றால் நான்கையும் பூட்டி என்ன பயன்? கோவாவில் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியில் எல்லா வண்டியின் மூக்கிலும், கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச் இருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்த வகைப் பூட்டு?

மலிவான வழி, குட்டிப் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவது. பந்தயத்துக்கு மட்டும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிற வண்டி என்றால் சரி. சாலையில் ஓட்டுகிற வண்டியில் இதைச் செய்கிறவரோடு நான் சேர்ந்து பயணம் போகமாட்டேன்.

அடுத்தது தானியங்கிப் பூட்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் லாக்கர் இதில் பழம்பெருசு. எப்போதும் பூட்டியே இருக்கும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் முந்த முயலும்போது மட்டும் அந்தப் பக்கத்துப் பற்கள் விலகி வழிவிடும். டிரைவருக்கு வேலையில்லை, ஒயர் இல்லை, குழாய் இல்லை. ஆனால் திருப்பத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் போடும், ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கையில் வண்டியின் பின்பக்கம் ஒரு வெட்டு வெட்டும். பின் அச்சில் பழகிக்கொள்ளலாம். முன் அச்சில் எனக்கு இது பிடிக்காது.

தாரின் சில வகைகளில் பின்னால் வருவது ஈட்டன் நிறுவனத்தின் இயந்திரப் பூட்டு. இரு சக்கரங்களுக்கும் நடுவே வேக வித்தியாசம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்றைத் தாண்டினால் உள்ளே ஒரு குட்டி எடைத்துண்டு வெளியே வீசப்பட்டு மாட்டிக்கொள்ளும், அச்சு பூட்டும். மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேலே போனால் பூட்டாது. சாமர்த்தியமான ஏற்பாடு, ஆனால் எப்போது பூட்ட வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது.

நீங்களே முடிவு செய்ய வேண்டுமென்றால் சுவிட்ச் வகைதான். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி காற்றழுத்தத்தால் பூட்டும். போனட்டுக்குள் சின்ன கம்ப்ரசர், அங்கிருந்து அச்சுக்கு மெல்லிய குழாய். குழாய் கல்லில் உரசிக் கிழிந்தால் பூட்டு விட்டுவிடும். உள்ளே சீல் போனால் காற்று ஆயிலைத் துரத்தி பிரீதர் என்ற மூச்சுத்துளை வழியே வெளியே தள்ளும். அச்சின் மேல் ஆயில் பிசுபிசுத்தால் முதலில் பார்க்க வேண்டியது அது. மின்காந்தத்தால் பூட்டும் வகையில் கம்ப்ரசர் வேண்டாம், ஒயரிங்தான் சேறு படாமல் இருக்க வேண்டும்.

முன் அச்சு என்றால் என் தேர்வு சுவிட்ச் வகை மட்டுமே. பின் அச்சுக்கு உங்கள் பாதையும் பணமும் சொல்வதைக் கேளுங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லாவிட்டால் பின்பூட்டும் நல்ல டயரும் போதும். டயரில் காற்றைக் குறைத்தாலே மேலே போட்ட கணக்கில் ‘பாதி’ என்ற எண் கொஞ்சம் கூடிவிடும், அதற்குச் செலவும் இல்லை.

பொருத்திய பிறகு ஒரு பழக்கம் வேண்டும். பள்ளம் வருவதற்கு முன்பே, சக்கரம் சுழலாத நிலையில், மெதுவாக உருளும்போதே சுவிட்சைப் போடுங்கள். சுழலும் பற்களின் மேல் பூட்டைப் போட்டால் பல் நுனி சிதறும். பள்ளம் தாண்டியதும் அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகும் டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு பக்கத் தண்டு முறுக்கேறிப் பற்களை இறுக்கிப் பிடித்திருக்கும். ஒரு முழம் ரிவர்ஸ் எடுத்து ஸ்டியரிங்கை லேசாக ஆட்டினால் விட்டுவிடும்.